ஓவனில் சுடுவதற்கு எந்த உருளைக்கிழங்கை நடுவது? பிரித்தானியாவில் புதிதாகத் தோட்டம் தொடங்குவோருக்கு

பிப்ரவரி பிறந்ததும் பிரித்தானியாவின் தோட்டப் பொருள் கடைகளில் விதைக்கிழங்குகள் வந்து குவிந்துவிடும். சிறு வலைப் பைகளிலும் திறந்த பெட்டிகளிலும் இருபது, முப்பது பெயர்கள். எல்லாப் பைகளிலும் அழகான படம். பாதிக்கு மேற்பட்டவற்றில் ‘எல்லாச் சமையலுக்கும் ஏற்றது’ என்ற வாசகம். கவுன்சிலிடமிருந்து முதன்முறையாக ஓர் அலாட்மென்ட் (வாடகைக்குக் கிடைக்கும் சிறு தோட்ட நிலம்) கிடைத்து, அதன் நுழைவுக் கதவின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்பவருக்கு எதை எடுப்பது என்று எப்படித் தெரியும்?

முதல் ஆண்டு நான் சார்லட் என்ற ரகத்தை நட்டேன். விளைச்சல் நன்றாகவே இருந்தது. பெரிய கிழங்குகளைப் பொறுக்கி ஒரு மணி நேரம் ஓவனில் வைத்துப் பிளந்தபோது, உள்ளே மெழுகைப்போல இறுகிக் கிடந்தது. முள்கரண்டியால் கீறியும் உதிரவில்லை. வெண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. சார்லட் மோசமான கிழங்கன்று. அவித்து சாலட் செய்வதற்கு அதைப்போல ஒன்று கிடைப்பது அரிது. சுடுவதற்குத்தான் அது பொருந்தவில்லை.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட ஒரு விதி உண்டு. உரமும் தண்ணீரும் கிழங்கைப் பெரிதாக்கும். ஆனால் இறுகி நிற்கும் ரகத்தை உதிரும் ரகமாக அவை மாற்றிவிடாது. சுட்ட கிழங்கின் உள்ளே என்ன இருக்கும் என்பதில் பெரும்பங்கு விதைக்கிழங்கு வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே மண்வெட்டியை எடுப்பதற்கு முன் ரகத்தைத் தேர்வதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

நடுவதற்கு முன் சாப்பிட்டுப் பாருங்கள்

இந்த நாட்டுக் கடைகளில் உருளைக்கிழங்குப் பைகளின் மேல் ரகத்தின் பெயர் அச்சிட்டிருக்கும். அது பெரிய வசதி. குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட், மார்ஃபோனா ஆகியவற்றையும், சிவப்புத் தோலுள்ள ரூஸ்டர் அல்லது டெசிரே ஒன்றையும் வாங்கி வாருங்கள். ஒரே அளவுள்ள கிழங்குகளாகப் பார்த்து, ஒரே தட்டில் வைத்துச் சுடுங்கள். முதல் வாயை உப்பும் வெண்ணெயும் இல்லாமல் சாப்பிடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லோரும் சாப்பிடட்டும். எந்தப் பெயர் யாருக்குப் பிடித்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். விதைக்கிழங்கு விற்பவரின் விளம்பரத்தைவிட இந்தத் தாள் நம்பகமானது.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது? உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதமிருக்கும் உலர்பொருளில் பெரும்பகுதி மாச்சத்து. உலர்பொருள் மிகுந்த கிழங்கைச் சுடும்போது அதன் செல்களுக்குள் இருக்கும் மாச்சத்து நீரை உறிஞ்சி உப்பும். செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். நல்ல மரவள்ளிக்கிழங்கு அவிந்ததும் வெடித்து மாவாக உதிருமே, அதே செயல்தான். உலர்பொருள் குறைந்த கிழங்கில் செல்கள் பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். சார்லட்டில் நான் கண்டது அதுதான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே கிண்ணத்தால் அளந்து பதினொரு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு உப்பைக் கரைத்துக் கிழங்கை உள்ளே விடுங்கள். மாவாக உதிரும் கிழங்கு மூழ்கும். இறுகி நிற்கும் கிழங்கு மிதக்கும். விதைநெல்லை உப்புக் கரைசலில் போட்டுப் பதரைப் பிரிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. அடர்த்தியைப் பார்க்கும் அதே அறிவுதான் இங்கேயும் உதவுகிறது.

உங்களுக்கு வேண்டியது உலர்ந்ததா, ஈரமானதா?

சுட்ட கிழங்கு என்றதும் எல்லோருக்கும் ஒரே ஆசை இருப்பதில்லை. சிலருக்குப் பஞ்சுபோல உதிர வேண்டும். சிலருக்கு வெண்ணெய் கலந்ததுபோலக் குழைவாக இருக்க வேண்டும். கிங் எட்வர்ட், மாரிஸ் பைப்பர், கோல்டன் ஒண்டர், கெர்ஸ் பிங்க் ஆகியவை முதல் வகை. மார்ஃபோனா, எஸ்டிமா ஆகியவை இரண்டாம் வகை. கடைகளில் ‘பேக்கிங் பொட்டேட்டோ’ என்று பெரிது பெரிதாக விற்கப்படுபவற்றில் இந்த இரண்டாம் வகை ஏராளமாக உண்டு. அதைச் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு உலர்ந்த கிழங்கு தொண்டையில் அடைப்பதுபோலத் தோன்றலாம்.

எங்கள் வீட்டில் சுட்ட கிழங்கைப் பிளந்து அதன்மேல் மீன்குழம்பை ஊற்றுவோம். அதற்கு உலர்ந்த கிழங்குதான் சரி. குழம்பை முழுவதும் இழுத்துக்கொள்ளும். சீஸும் வெண்ணெயும் மட்டும் வைத்துச் சாப்பிடுவதானால் மார்ஃபோனா போதும். அதுவே ஈரமாக இருப்பதால் குறையொன்றும் தெரியாது. நீங்கள் எதை வைத்துச் சாப்பிடுகிறீர்களோ அதை எண்ணிப் பாருங்கள். இந்த இடத்தில் தெளிவாக இருந்தால் முப்பது பெயர்கள் பத்தாகக் குறைந்துவிடும்.

அடுத்து, உங்கள் நிலம் என்ன சொல்கிறது?

நாவுக்குப் பிடித்ததெல்லாம் நிலத்துக்குப் பிடிக்காது. பிரித்தானியாவில் சுடும் கிழங்கை நடுபவருக்கு முதல் எதிரி பின்கருகல் நோய். 1845-இல் அயர்லாந்தின் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முழுவதும், வெதுவெதுப்பும் மழையும் சேரும் நாட்களில் இது பரவும். அடுத்தடுத்து இரண்டு நாட்கள் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காமல், ஒவ்வொரு நாளும் குறைந்தது ஆறு மணி நேரம் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று கொள்வார்கள். ஹட்டன் அளவுகோல் என்று இதற்குப் பெயர். வீட்டுத் தோட்டக்காரர்கள் வாங்கித் தெளிக்கக்கூடிய மருந்து எதுவும் இங்கே இல்லை. ஆகவே தப்பிக்கும் வழி இரண்டுதான்: நோய் வருமுன் தோண்டக்கூடிய ரகம், அல்லது நோயைத் தாங்கும் ரகம்.

இங்கே உருளைக்கிழங்கை மூன்று பருவங்களாகப் பிரிக்கிறார்கள். முதல் முன்பருவம் பத்து, பன்னிரண்டு வாரங்களில் வந்துவிடும். புதுக்கிழங்காக அவித்துச் சாப்பிடுவதற்கானது, சுடுவதற்கு வேண்டாம். இரண்டாம் முன்பருவம் ஏறக்குறைய பதின்மூன்று முதல் பதினாறு வாரங்கள். பெரும்பருவம் பதினாறிலிருந்து இருபத்திரண்டு வாரங்கள்வரை போகும். நல்ல சுடும் கிழங்குகளில் பெரும்பாலானவை பெரும்பருவத்தில்தான் இருக்கின்றன. கருகல் நோயும் சரியாக அப்போதுதான் வருகிறது. ரகத் தேர்வில் இருக்கும் சிக்கலே இதுதான்.

யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணில் உருளைக்கிழங்கு நட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இந்த நாட்டில் பலர் இருக்கிறார்கள். அங்கே மாரியின் குளிர்ந்த மாதங்களை நம்பி நட்டு, மூன்று மாதத்தில் கிண்டி எடுத்த பயிர் அது. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். இங்கே பெரும்பருவக் கிழங்கை ஏப்ரலில் நட்டால் செப்டம்பரில்தான் தோண்டுவீர்கள்.

அலாட்மென்டில் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கருகல் ஒவ்வோர் ஆண்டும் வருகிறதா? மண்ணுக்குள் ஓடில்லா நத்தைகள் கிழங்கைத் துளைக்கின்றனவா? வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு மண்ணில் உண்டா? நூறாண்டாக ஒரே இடத்தில் உருளைக்கிழங்கு நட்டுவரும் பழைய அலாட்மென்டுகளில் நூற்புழு இருப்பது வழக்கம். 1961-இல் நீலகிரியிலும் கண்டுபிடிக்கப்பட்டு, ஊட்டி விவசாயிகளைப் பெரும்பாடு படுத்திய அதே புழுதான். மஞ்சள் நிறக் கூடுகள் கொண்ட வகைக்கு எதிர்ப்புள்ள ரகங்கள் உண்டு.

இனி ரகங்கள்

கிங் எட்வர்ட்: 1902-இல் வெளிவந்து, ஏழாம் எட்வர்ட் மன்னரின் பெயரைச் சுமக்கும் கிழங்கு. வெள்ளைத் தோலில் இளஞ்சிவப்புத் திட்டுகள். சுட்டால் வெண்மையாக உதிரும். சுவையில் இதை மிஞ்சுவதற்கு அதிகம் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் வளமான மண்ணும் தொடர்ந்து தண்ணீரும் வேண்டும். வறண்டால் கிழங்கு சிறுத்துவிடும். கருகல் நோயும் எளிதில் பிடிக்கும். முதல் ஆண்டிலேயே இதை மட்டும் நம்பி நடாதீர்கள்.

மாரிஸ் பைப்பர்: 1966-இல் கேம்பிரிட்ஜின் பயிர்ப்பெருக்க நிலையத்திலிருந்து வந்தது. நிலையம் இருந்த மாரிஸ் லேன் என்ற தெருவின் பெயரே இதற்கு முன்பெயராயிற்று. மஞ்சள் கூட்டு நூற்புழுவைத் தாங்கும்படி உருவாக்கப்பட்டது. மீன்-சிப்ஸ் கடைகளில் நீங்கள் சாப்பிடும் சிப்ஸ் பெரும்பாலும் இதுதான். சுடவும் நன்று. குறை என்னவென்றால், ஓடில்லா நத்தைகள் இதைத் தேடி வரும். களிமண்ணில், ஈரமான கோடையில் இதை நட்டால் வெளியே சிறு துளையும் உள்ளே பெரிய குடைவுமாகக் கிழங்குகள் கிடைக்கும். அப்படிப்பட்ட கிழங்கை முழுதாகச் சுட முடியாது.

மார்ஃபோனா: நெதர்லாந்தில் உருவானது, இரண்டாம் முன்பருவம். புதியவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். ஏப்ரல் நடுவில் நட்டால் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பெரிய, வழவழப்பான, கண் ஆழமில்லாத கிழங்குகள் கிடைக்கும். கருகல் முற்றுவதற்குள் தோண்டிவிடலாம். உள்ளே பஞ்சுபோல உதிராது, குழைவாக இருக்கும். அது உங்களுக்குப் பிடிக்கும் என்று சனிக்கிழமைச் சோதனையில் தெரிந்திருந்தால் தயங்க வேண்டாம்.

காரா: அயர்லாந்தில் உருவான பெரும்பருவ ரகம். வெள்ளைத் தோல், இளஞ்சிவப்புக் கண்கள். செடி புதர்போல ஓங்கி வளரும், விளைச்சல் ஏராளம், வறட்சியைத் தாங்கும், நூற்புழுவுக்கும் எதிர்ப்புண்டு. கருகல் நோய் பிடித்தாலும் கிங் எட்வர்டைப்போல ஒரே வாரத்தில் சரிந்துவிடாது. உள்ளே மிகவும் உலர்ந்ததும் அல்ல, ஈரமானதும் அல்ல. பெரிய சுடும் கிழங்கு உறுதியாக வேண்டும் என்பவருக்கு இதுவே ஏற்றது. இடம் மட்டும் நிறைய வேண்டும்.

சார்ப்போ மிரா: ஹங்கேரியின் சார்வாரி குடும்பத்தார் உருவாக்கிய கிழங்கு. சிவப்புத் தோல். பக்கத்து வரிசைகளெல்லாம் கருகி நாறும்போது இது மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்ப்பது தனி நிம்மதி. சுவை கிங் எட்வர்டுக்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கையில் கிடைக்கும் கிழங்குக்கும் கிடைக்காத கிழங்குக்கும் ஒப்பீடே இல்லை. வேல்ஸ், ஸ்காட்லாந்தின் மேற்குக்கரை, அயர்லாந்து போன்ற மழை மிகுந்த இடங்களில் இருப்பவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. முற்ற நீண்ட நாள் எடுக்கும்; செப்டம்பர் இறுதிவரை பொறுத்திருங்கள்.

கோல்டன் ஒண்டர்: 1906-லிருந்து ஸ்காட்லாந்தின் செல்லப்பிள்ளை. சொரசொரப்பான பழுப்புத் தோல். உலர்பொருள் மிக அதிகம். அவித்தால் நீரில் கரைந்தே போகும். சுட்டால் தோல் தடித்து மொறுமொறுக்கும். தோண்டியவுடன் சாப்பிடாமல் சில வாரம் சேமித்து வைத்துச் சுட்டால் சுவை கூடும். விளைச்சல் குறைவு, கிழங்கும் பெரிதாக வராது. ஓரிரு ஆண்டு அனுபவம் சேர்ந்தபின் நாலைந்து செடி நட்டுப் பாருங்கள்.

டெசிரே, 1962-இல் நெதர்லாந்திலிருந்து வந்த சிவப்புக் கிழங்கு. வறண்ட மணல் மண்ணில் மற்றவை வாடும்போது தாக்குப்பிடிக்கும், ஆனால் தோலில் பொருக்குத் தட்டும் சொறி நோய் பிடிக்கும். நத்தைத் தொல்லை கடுமையான நிலத்துக்கு கெஸ்ட்ரல், சான்டே இரண்டையும் நினைவில் வையுங்கள்.

முடிவாக என்ன வாங்குவது என்று கேட்டால், முதல் ஆண்டுக்கு மார்ஃபோனா ஒரு வரிசை, காரா ஒரு வரிசை. ஒன்று கோடைக்கு, ஒன்று குளிர்காலத்துக்கு. மழைப் பகுதியானால் காராவின் இடத்தில் சார்ப்போ மிரா. உதிரும் கிழங்குதான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், ஓரத்தில் கிங் எட்வர்ட் நாலு செடி. இரண்டு ரகம் வைத்திருப்பது வெறும் ஆசைக்காக அன்று. ஒன்றை நோய் கொண்டுபோனாலும் மற்றொன்று மிஞ்சும்.

விதைக்கிழங்கு வாங்குதல்

சமையலுக்கு வாங்கிய கிழங்கு மூட்டையில் முளைத்துக் கிடக்கிறதே, அதை நட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். அதில் வைரஸ் நோய்கள் இருக்கலாம். அவை மண்ணுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் போகும். சான்றளிக்கப்பட்ட விதைக்கிழங்காகவே வாங்குங்கள். வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சியைக் காற்றும் குளிரும் தடுப்பதால் ஸ்காட்லாந்தில் விளைந்த விதைக்குப் பெயர் உண்டு. கோழிமுட்டை அளவுள்ள கிழங்கு நல்லது. மூன்று மீட்டர் வரிசைக்கு எட்டுக் கிழங்கு போதும். பெரும்பருவச் செடி ஒன்று, பராமரிப்பைப் பொறுத்து, ஒன்றிலிருந்து இரண்டு கிலோவரை தரும். பெயர் பெற்ற ரகங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்; ஜனவரியிலேயே சொல்லி வையுங்கள்.

வாங்கி வந்ததும் முட்டை அட்டையில், கண்கள் மிகுந்த முனை மேலே இருக்கும்படி அடுக்கி, வெளிச்சமும் குளிர்ச்சியும் உள்ள ஜன்னலோரத்தில் வையுங்கள். ஆறு வாரத்தில் குட்டையான தடித்த முளைகள் வரும். இருட்டில் வைத்தால் வெளுத்த நீள முளைகள் வந்து, கைபட்டதும் ஒடிந்துவிடும்.

பெரிய கிழங்குக்கான நடவு

சுடும் கிழங்கு ஒன்று 250 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்கு மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, நடும்போது இரண்டு மூன்று வலுவான முளைகளை மட்டும் விட்டு மற்றவற்றைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். தண்டு குறைந்தால் கிழங்கின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொன்றும் பருக்கும். இரண்டாவது, நெருக்கி நடாதீர்கள். செடிக்குச் செடி 40 செ.மீ., வரிசைக்கு வரிசை 75 செ.மீ., ஆழம் 12 முதல் 15 செ.மீ. காராவுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக விடலாம். மூன்றாவது தண்ணீர். செடியின் அடியில் மெதுவாகத் துழாவிப் பாருங்கள். கிழங்குகள் கோலிக்குண்டு அளவுக்கு வந்திருந்தால், மண் ஆழமாக நனையும்படி நன்றாக ஊற்றுங்கள். தினமும் தெளிப்பதைவிட இந்த நேரத்தில் ஊற்றும் தண்ணீருக்குப் பலன் அதிகம். கிழங்கு பிடிக்கத் தொடங்கும் காலத்தில் மண் காயாமல் இருந்தால் சொறி நோயும் குறையும்.

உரத்தில் கை நீள வேண்டாம். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலை மட்டும் செழிக்கும். கிழங்கு முற்றுவது தள்ளிப்போய், உலர்பொருளும் குறையும். நன்கு மக்கிய எருவே பெரும்பாலும் போதும். சாம்பல்சத்து (பொட்டாஷ்) தேவைப்பட்டால் குளோரைடு வடிவத்தில் வாங்காமல் சல்பேட் வடிவத்தில் வாங்குங்கள். குளோரைடு உலர்பொருளைக் குறைக்கும். சுடும் கிழங்குக்கு அது நட்டம். சுண்ணாம்பு போடவே வேண்டாம், சொறி நோய்க்கு அழைப்பு விடுத்ததாகும்.

செடி ஒரு சாண் உயர்ந்ததும் இருபுறமும் மண் அணையுங்கள். மே மாதத்தில் உறைபனி வரும் என்று வானிலை அறிவிப்பு சொன்னால் தளிர்களை மண்ணாலோ வைக்கோலாலோ மூடிவிடுங்கள்.

தோண்டுதலும் சுடுதலும்

இலைகளில் பழுப்புத் திட்டுகளும், இலையடியில் ஈரமான காலையில் வெண்பூஞ்சையும் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். தண்டுகளை அன்றே தரையோடு அறுத்து அப்புறப்படுத்துங்கள். பிறகு இரண்டு வாரமாவது கிழங்கைத் தொடாமல் மண்ணிலேயே விடுங்கள். தோல் முற்றுவதற்கும், மேல்மண்ணில் விழுந்த நோய்வித்துகள் சாவதற்கும் அந்த இடைவெளி வேண்டும். நோய் வராவிட்டால் செடி மஞ்சளாகித் தானே சாயும்வரை விடுங்கள். முற்றிய கிழங்கில்தான் மாச்சத்து நிறைந்திருக்கும். அவசரப்பட்டுத் தோண்டிய கிங் எட்வர்ட் கூட ஈரமாகவே சுடும். நத்தை உள்ள நிலத்தில் மட்டும் செப்டம்பரைத் தாண்ட விடாதீர்கள்.

வெயிலில் ஓரிரு மணி நேரம் உலர்த்தி, காயம்பட்டவற்றை முதலில் சமைக்க ஒதுக்குங்கள். மற்றவற்றைக் காகித மூட்டையிலோ சாக்கிலோ கட்டி, இருட்டான, உறைபனி புகாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையானவற்றை உண்ணக்கூடாது. ஐந்தாறு டிகிரிக்குக் கீழே வைத்தால் மாச்சத்து சர்க்கரையாக மாறி, சுடும்போது கருத்து இனிக்கும். அப்படி ஆகியிருந்தால், சுடுவதற்கு முன் ஒரு வாரம் வீட்டுக்குள் எடுத்து வைத்தால் ஓரளவு சரியாகும்.

சுடும் நாளில் கிழங்கைக் கழுவித் துடைத்து, ஈரம் முழுவதும் காயவிடுங்கள். முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி, எண்ணெயும் உப்பும் தடவி, தட்டில் வைக்காமல் கம்பி அடுக்கின்மேல் நேரடியாக வையுங்கள். 200 டிகிரியில் ஒரு மணி நேரம், பெரிதானால் இன்னும் கால் மணி, இருபது நிமிடம். அலுமினியத் தாளில் சுற்றினால் ஆவியில் வெந்து தோல் நைந்துவிடும். அத்தனை பாடுபட்டுத் தேர்ந்த ரகம் வீணாகும். வெளியே எடுத்தவுடன், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல், குறுக்கும் நெடுக்குமாகக் கீறி நான்கு பக்கமும் அழுத்துங்கள். ஆவி வெளியேறினால்தான் உள்ளே உதிரியாக நிற்கும். குழம்பைச் சூடாக்குவதென்றால் அதை முன்பே முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.